ஏழாம் நாள் நீலம்

மார்கழிக் குளிரில், விடிந்தும் விடியாத வேளையில், ஐம்பத்து மூன்று வயதுக் கணக்கு வாத்தியார் ஒருவர் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை மாறி மாறி முறைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

இரும்புலியூர் சுவிசேஷமுத்து வீட்டில் என்ன சரியில்லை என்பது வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி.

ஆடி மாதம் வாத்தியாருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அன்றே அவர் மனைவி ஞானஜோதி சர்க்கரை டப்பாவைத் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். போன வாரம் டாக்டர் சரோஜினி கெடு வைத்துவிட்டார். "ஏழு நாள் தினமும் வீட்டிலேயே சோதனை பண்ணுங்க சார். ஒரு நாள் மஞ்சளைத் தாண்டினாலும் ஊசிதான். ஆயுசு பூரா, தினமும் ஊசி." வாத்தியாரோ, பள்ளிக்கூடத்துக்கு அம்மை குத்த ஆள் வந்தபோது சின்ன வயதில் சுவரேறிக் குதித்து ஓடிய பேர்வழி. இந்த அமளிக்கு நடுவில், ஒரே மகள் கிருபா பிரசவத்துக்காகப் பிலாயிலிருந்து வந்திருக்கிறாள். ஏழாவது மாதம். முதல் பிள்ளை ஆறு மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதனால் வரப்போகும் பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

சோதனை செய்வது ஞானஜோதியின் வேலை. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். எதையும் ஒழுங்காகச் செய்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஒரு டீஸ்பூன் நீல மருந்தைச் சோதனைக் குழாயில் ஊற்றி, இங்க் ஃபில்லரால் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, அதற்கென்றே ஒதுக்கிய பழைய அலுமினியப் பாத்திரத்தில் வெந்நீருக்குள் நிறுத்துவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. அதற்கப்புறம் ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். வந்த நிறத்தை அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதி வைப்பாள். ஆறு தாள் சேர்ந்தாகிவிட்டது. பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை, நீலம், பச்சை. இன்று ஏழாவது தாள்.

இன்றைக்கும் பச்சை வந்திருக்கும். நேற்று மதியம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

நேற்று மதியம் ஞானஜோதி கிறிஸ்மஸுக்காக முந்திரிக்கொத்து சுட்டாள். பாசிப்பயறு வறுத்த வாசனையும் வெல்லப்பாகு வாசனையும் சேர்ந்து வீட்டின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்தது. சுட்டு முடித்து, டின்னைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அவள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகைக்குக் கோயிலுக்குப் போனாள். கிருபா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார் நாற்காலி போட்டு ஏறினார்.

ஒன்று என்றுதான் ஏறினார். அது சத்தியம். ஒன்று தின்றதும், இரண்டாவது வாயில் கரைகிறபோது முதலாவது எப்படி இருந்தது என்று நினைவில்லாமல் போனது. அதைச் சரிபார்க்க மூன்றாவது. ஐந்தில் நின்றார். உடனே கணக்கு வாத்தியாருக்குக் கழித்தல் ஞாபகம் வந்தது. ஒரு கைப்பிடி வெந்தயத்தை அப்படியே விழுங்கி, பச்சைப் பாகற்காய் ஒன்றைக் கடித்துத் தின்று, இரண்டு தம்ளர் மோர் குடித்தார். ஐந்து கொத்து கழித்தல் இவ்வளவு கசப்பு, விடை பூஜ்யம் என்று மனதுக்குள் போட்டுக்கொண்டு படுத்தார். விடிந்ததும், பூஜ்யம் வராது என்று அவருக்கே தெரிந்தது.

அப்போதுதான் ஜன்னல் மேடையில் அந்த இரண்டு பாட்டில்கள் கண்ணில் பட்டன.

இரண்டும் இருமல் மருந்து வந்த பாட்டில்கள். ஞானஜோதி கழுவிக் காயவைத்து, சோற்றுப் பசையால் துண்டுக் காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். ஒன்றில் 'அப்பா' என்று இருந்தது. அதை அவர் இப்போதுதான் நிரப்பி வைத்தார். மற்றதில் 'கிருபா'. அவள் முன்னமே நிரப்பி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் மாதச் சோதனை, அதற்குக் கொண்டுபோக.

பசை இன்னும் காயவில்லை. விரல் நுனியால் தள்ளினால் காகிதம் நகர்ந்தது.

வாத்தியார் நியாயமான மனிதர். மகளுக்குக் கெடுதல் என்றால் கனவிலும் செய்யமாட்டார். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் என்ன பார்ப்பார்கள்? உப்பு. 'உப்பு நீர் இருக்கிறதா' என்றுதானே ஊரில் எல்லாப் பெண்பிள்ளைகளும் பேசிக்கொள்கிறார்கள்? கால் வீங்கினால் உப்பு. முகம் ஊதினால் உப்பு. தனக்குப் பார்ப்பது சர்க்கரை. தன்னிடம் உப்பு கிடையாது, அவளிடம் சர்க்கரை கிடையாது. இரண்டு பேருமே தேறிவிடலாம். இதில் யாருக்கு நஷ்டம்?

காகிதங்களை உரித்து மாற்றி ஒட்டினார். முப்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளில் காப்பி அடித்ததைக் கண்டுபிடித்துக் காதைத் திருகிய அதே விரல்கள்தான்.

திரும்பும்போது இடது காலில் போட்டிருந்த காலுறை ஈரத்தில் பட்டு நனைந்தது. வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுத் திரிவதற்கு மனைவி காரணம் கேட்டபோது, குளிர் என்று சொல்லியிருந்தார். பண்டிகைக்கு வாங்கின புது ஷூ பத்து நாள் முன்பு குதிகாலைக் கடித்துவிட்டது. பிளாஸ்திரி ஒட்டி மூடிவிட்டார். வலியும் இல்லை, அதனால் அடிக்கடி அவருக்கே மறந்துபோகும்.

"என்னங்க, வச்சாச்சா?" என்று ஞானஜோதி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள்.

"ம்."

ஸ்டவ் எரிந்தது. சொட்டுகள் விழுந்தன. வாத்தியார் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயை இடுக்கியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த ஞானஜோதி அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க!" குரல் உடைந்தது. "நீலம்ங்க! அப்படியே நீலம்! ஒரு துளி பச்சைகூட இல்லை!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில், அவர் வேலை நிரந்தரமான அன்றைக்கும் கிருபா பிறந்த அன்றைக்கும்தான் அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார். காலண்டர் தாளைக் கிழித்து, 'நீலம்' என்று அழகான டீச்சர் கையெழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டாள்.

"ஏழு நாளும் தாண்டினா தரேன்னு சொன்ன சொல் சொன்னதுதான். திங்கட்கிழமை கிறிஸ்மஸ் கேக்கில ஒரு துண்டு, என் கையாலயே தருவேன். யாரும் என்னை ஒண்ணும் கேக்க முடியாது."

வாத்தியார் துண்டை எடுத்து முகத்தை மூடித் துடைத்தார். சந்தோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. ரயில்வே ஆபீஸ் ஸ்ரீநிவாசராகவன். நெற்றியில் ஈரம் காயாத நாமம், கையில் ஆவி பறக்கும் தொன்னை.

"டீச்சர், கோவில் பிரசாதம். சர்க்கரைப் பொங்கல். சாருக்கு ஆகாதுன்னு தெரியும், பொண்ணுக்குக் கொடுங்கோ. வாயும் வயிறுமா இருக்கறவளுக்குக் கொடுக்காம சாப்பிடப்படாதுன்னு ஆத்துல உத்தரவு."

"சாருக்கும் இன்னிக்கு ஆகும் அண்ணா!" என்றாள் ஞானஜோதி. "ஏழு நாளும் ஜெயிச்சாச்சு!"

சொன்னதோடு நிற்காமல், தொன்னையிலிருந்து ஒரு விரல் அளவு எடுத்துக் கணவர் வாயில் வைத்தாள். நெய்யும் ஏலக்காயும் வறுத்த முந்திரியும் நாக்கில் பட்டன. ஐந்து மாதமாக அவர் கனவில் மட்டும் சாப்பிட்ட பண்டம். இப்போது மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. மென்றார், விழுங்கினார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு ஜோதி."

கிருபா தலையை முடிந்துகொண்டே வந்தாள். அவளிடம் தொன்னையை நீட்டியதும், "எனக்கு வேணாம்மா, நெஞ்சைக் கரிக்குது" என்று ஒதுங்கிவிட்டாள்.

ஞானஜோதிக்குக் காலையில் மறுபடி ஒத்திகை. தேவதூதனாக வரும் பையனுக்கு இன்னும் வசனம் மனப்பாடம் ஆகவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்கு மகளோடு அப்பாவே போவதாக ஏற்பாடு. ஏழு காலண்டர் தாள்களையும் குண்டூசி குத்தி அவர் சட்டைப் பைக்குள் வைத்தாள். "டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க. பெருமையாக் காட்டுங்க" என்றாள். 'கிருபா' என்று காகிதம் ஒட்டிய பாட்டிலைத் துணிப்பைக்குள் பத்திரமாக நிறுத்தி மகளிடம் கொடுத்தாள்.

வழக்கமான ரிக்‌ஷாக்காரர் பொன்னுசாமி வாசலில் காத்திருந்தார்.

"இன்னா சார், பாப்பாவ ஆஸ்பத்திரிக்கா? பள்ளம் மேடு பாத்துத்தான் ஓட்டுவேன், பயப்படாம குந்துங்க."

சொன்னபடியே ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு வழிவிட்டு, ஓரமாக, மெள்ள மிதித்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. எலெக்ட்ரிக் டிரெயின் போகவேண்டும். நின்ற வண்டிகளுக்கு நடுவே ஒரு கிழவர் கடலை மிட்டாயும் கமர்கட்டும் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்றுக்கொண்டு வந்தார். வாத்தியாரின் கண், அவரைக் கேட்காமலே, ஜாடியோடு கூடப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் மகளின் கண்ணும் அதே ஜாடியோடு போய்க்கொண்டிருந்தது.

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள்.

"நெஞ்சைக் கரிக்குதுன்னியே? ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"வேணாம்பா."

"ஏன்? நீயும் என் ரத்தம்தானே. சின்னப் பிள்ளையிலே சர்க்கரை டப்பாவுக்குள்ளே கையை விட்டுக்கிட்டு அகப்பட்டவதானே?"

கிருபா புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். ஏழு நாளும் ஆயிடுச்சு, இனிமே சொல்லலாம். பொருத்தனை பண்ணியிருக்கேன்பா. அப்பாவுக்கு ஊசி இல்லாம இந்த வாரம் தாண்டணும், கிறிஸ்மஸ் வரைக்கும் நான் இனிப்பு தொடறதில்லைன்னு ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கேன். நேத்து அம்மா முந்திரிக்கொத்து சுட்டாங்களே, அந்த வாசனைக்குப் பயந்துதான் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தேன். தூங்கவே இல்லை."

வாத்தியார் மூடிய ரயில்வே கேட்டைப் பார்த்தார். நேற்று மதியம் அந்தச் சாத்திய கதவைப் பார்த்துத்தான், தூங்குகிறாள் என்று தைரியமாக நாற்காலி போட்டார்.

டிரெயின் கடந்தது. கேட் திறந்தது. "போலாமா சார்?" என்று பொன்னுசாமி மணியடித்தார்.

டாக்டர் சரோஜினியின் ஆஸ்பத்திரி கிழக்குத் தாம்பரத்தில், வேப்ப மரத்தடியில் பன்னிரண்டு கட்டில்களோடு இருந்தது. பிரசவம், காய்ச்சல், கால் முறிவு எல்லாவற்றுக்கும் அந்த வட்டாரத்தில் அவர்தான். நர்ஸ் அமலராணி பாட்டிலை வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

"வாங்க சார். முதல்ல உங்க பிராக்ரஸ் ரிப்போர்ட்டைக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

வாத்தியார் தாள்களை நீட்டினார். டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டி, கடைசித் தாளில் கோடு போட்ட நீலத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"நான் எதிர்பார்க்கவே இல்லை, நிஜமா. உங்களுக்கு ஊசி தயார் பண்ணி வச்சிருந்தேன். சரி, பொங்கல் வரைக்கும் மாத்திரையிலேயே ஓட்டலாம். டீச்சருக்கு என் பாராட்டைச் சொல்லுங்க."

கிருபா பெருமையாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தார்.

கிருபாவைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டு, "ராஜா மாதிரி இருக்கான்" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அமலராணி உள்ளே வந்தாள். கையில் சோதனைக் குழாய். அதைப் பேசாமல் டாக்டர் முன்னால் நீட்டினாள்.

குழாயில் இருந்தது செங்கல் நிறம். சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்.

வாத்தியார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இங்கேயும் அதே நீல மருந்தா? இங்கேயும் சர்க்கரையா பார்க்கிறார்கள்?

"உப்பு...?" என்று அவர் வாயிலிருந்து வந்தது.

"உப்பு இல்லை சார். சர்க்கரைதான், ஃபுல்லா" என்றாள் அமலராணி, கேள்வி தனக்கென்று நினைத்து.

டாக்டர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். குரல் மாறவில்லை, ஆனால் சிரிப்பு போய்விட்டது. "கிருபா, இந்த வாரம் ரொம்ப ஸ்வீட் சாப்பிட்டியாம்மா?"

"இல்லை டாக்டர். ஒரு வாரமாத் தொடவே இல்லை."

"உண்மையைச் சொல்லணும். பலகார சீசன், எனக்குத் தெரியாதா? திட்டமாட்டேன்."

"சத்தியமா இல்லை டாக்டர்."

டாக்டர் நம்பவில்லை என்பது தெரிந்தது. நம்பாததை அவள் மேல் கோபமாகக் காட்டவும் இல்லை. அதுதான் வாத்தியாருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சரி. வீட்டுக்கு அனுப்ப முடியாது. இன்னிக்கே அட்மிட் ஆயிடு. காலையில வெறும் வயித்துல ரத்தம் எடுக்கலாம். அது வர்றதைப் பார்த்து முடிவு பண்ணலாம். அமலராணி, ஒரு கட்டில் எழுது. அப்பாவுக்கு இருக்கு, பொண்ணுக்கும் வந்திருக்கு. முன்னாடியே பார்த்திருக்கணும், என் தப்பு."

"கிறிஸ்மஸுக்கு...?" என்று ஆரம்பித்த கிருபா, கேட்க வந்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

வெளியே வராந்தா பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள்தான், என்று வாத்தியாரின் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. நாளைக்கு ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. ஏதோ சோதனையில் தவறு என்று டாக்டரம்மாவே அனுப்பிவிடுவார். யாருக்கும் தெரியவேண்டியதில்லை. ஞானஜோதி எழுதின நீலம் நீலமாகவே இருக்கும். வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் போதும். ஐந்து மாதமாக எத்தனையோ பண்டத்துக்கு முன்னால் நாக்கைக் கட்டிப் பார்த்தவருக்கு, இப்படி ஒரு ஆசை வரும் என்று தெரியாது. இதற்கு வாசனை கிடையாது, பரணில் ஏறவும் வேண்டியதில்லை.

"அப்பா."

"ம்."

"அம்மாகிட்ட இப்பவே சொல்லாதீங்க. ஒத்திகை முடியட்டும்." விரிப்பு மாற்றுகிற கட்டிலைப் பார்த்தாள். அப்புறம், வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள். "அப்போ முதல் பிள்ளையும் இதனாலதான் போயிருக்கும், இல்லைப்பா? அங்கே டாக்டருங்க காரணம் தெரியலைன்னு சொன்னாங்க. மசக்கையிலே நான் ஜிலேபியாத் தின்னேன். உங்க மாப்பிள்ளைகூடக் கேட்டார், இவ்வளவு தின்கிறியேன்னு. நான்தான் தின்னே கொன்னுட்டேனாப்பா?"

அவள் அழவில்லை. வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தாள்.

சுவிசேஷமுத்து எழுந்தார். "வா" என்றார்.

"எங்கேப்பா?"

"நீ வரணும். நீ இல்லாத இடத்திலே சொன்னா அது சொன்னதாகாது."

டாக்டர் அறையில் இன்னொரு நோயாளி உட்கார்ந்திருந்தார். வாத்தியார் அதைக்கூடப் பார்க்கவில்லை. மேஜைக்கு முன்னால், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் நிற்கிற மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டாக்டர், அந்தப் பாட்டில் என்னோடது."

"என்ன சார்?"

"காலையிலே காகிதத்தை மாத்தி ஒட்டிட்டேன். நேத்து அஞ்சு முந்திரிக்கொத்து தின்னேன், திருடித் தின்னேன். சிவப்பு வரும்னு தெரியும். அவளோடதை என்னோடதுன்னு வச்சுட்டேன். வீட்டிலே வந்த நீலம் கிருபாவோட நீலம். இங்கே கர்ப்பிணிகளுக்கு உப்பு மட்டும்தான் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். இவகிட்ட ஒரு குறையும் இல்லை டாக்டர். குறை பூரா என்கிட்ட."

டாக்டர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். மற்ற நோயாளி மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. அமலராணியைக் கூப்பிட்டு, கிருபாவிடம் புதிதாக ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினார். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் வாத்தியார் உட்காரவில்லை, டாக்டர் உட்காரச் சொல்லவும் இல்லை.

குழாய் வந்தது. நீலம். காலையில் முருங்கை மரத்தடியில் வந்த அதே நீலம்.

கிருபா அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"நான் உங்களுக்காகக் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். நீங்க அந்தக் கதவுக்கு வெளியிலே நின்னு தின்னுக்கிட்டிருந்தீங்க."

"ஆமாம்மா."

"அஞ்சா?"

"அஞ்சு."

"எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கக்கூடத் தோணலையா?" என்று கேட்டாள். கோபமா, அழுகையா, சிரிப்பா என்று அவளுக்கே தெரியாத குரல். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்றால் என்ன என்று ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டார்.

"சார், உட்காருங்க" என்றார் டாக்டர், இப்போதுதான். "நிக்க முடியாம ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நிக்கறீங்க. வந்ததிலேருந்து பார்க்கறேன். இடது கால்ல என்ன?"

"அது ஒண்ணுமில்லை டாக்டர். புது ஷூ கடிச்சது."

"எப்போ?"

"பத்து நாள் இருக்கும். ஆறிடுச்சு. வலியே இல்லை."

"ஷூவைக் கழட்டுங்க."

கழற்றினார். காலுறை குதிகாலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அமலராணி வெந்நீரில் நனைத்து மெள்ள உரித்தாள். பிளாஸ்திரி எப்போதோ நழுவிப் போயிருந்தது. கிருபா எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

டாக்டர் பென்சிலைத் திருப்பி, அதன் மொட்டை முனையால் புண்ணின் ஓரத்தில் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"இல்லை."

"இங்கே?"

"இல்லை டாக்டர்."

"இங்கே? நல்லா அழுத்தறேன்."

"கொஞ்சங்கூட வலிக்கலை டாக்டர்!" காலையிலிருந்து ஒரு நல்ல பதிலாவது சொல்ல முடிந்ததே என்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

டாக்டரின் முகம் தெளியவில்லை. பென்சிலை மேஜைமேல் வைத்தார். "வலிச்சிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன் சார். சர்க்கரை உங்க கால்ல உணர்ச்சியையே எடுத்துடுச்சு" என்றார்.

பிறகு நர்ஸிடம் திரும்பினார். "அமலராணி, கட்டில் எழுதச் சொன்னேனே, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் டாக்டர். அடிச்சிடட்டுமா?"

"வேணாம். ஆம்பளைங்க பக்கம் மாத்து. பேரை மட்டும் திருத்திக்கோ."

வாத்தியார் காலுறையை மடித்து ஷூவுக்குள் வைத்தார். ஊசி வேண்டாம் என்றோ, திங்கட்கிழமை பண்டிகை என்றோ அவர் சொல்லவில்லை. ஞானஜோதி இந்நேரம் கோயில் வாசலில் நின்றுகொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் நீலம், நீலம் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

வாத்தியார் மேஜைமேல் இருந்த தாள்களை எடுத்துக்கொண்டு டாக்டரின் பேனாவுக்குக் கையை நீட்டினார். "ஒரு நிமிஷம்" என்று வாங்கிக்கொண்டார். குண்டூசி குத்திய தாள்களில் கடைசித் தாளைப் பிரித்து, மனைவியின் கோடு போட்ட எழுத்தை ஒரே அடியில் அடித்து, கீழே தன் கையெழுத்தில் 'சிவப்பு' என்று எழுதினார். மகளிடம் நீட்டினார்.

"நீ வண்டியிலே வீட்டுக்குப் போம்மா. அம்மா வந்ததும் இதைக் கொடு."

கிருபா தாளை வாங்கிப் படித்தாள். நாலாக மடித்தாள். மடித்ததைத் திரும்ப அவர் சட்டைப் பைக்குள்ளேயே வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நான் கொடுக்கமாட்டேன்பா. போய் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரேன். நீங்களே கொடுங்க."

வாசலில் பொன்னுசாமியின் ரிக்‌ஷா மணி அடித்தது.